கீரை வடையில் கீரை எவ்வளவு?

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வருவதற்கு முன்னால் தெற்கு மாட வீதி வழியாக வந்தேன். சாயங்காலம் நாலரை மணி. சாக்கை விரித்து, நனைத்த கோணித் துண்டை மேலே போர்த்தி, கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார் ஒரு அம்மா. நான் குனிந்ததுமே ஒரு கேள்வி கேட்டார். “என்னம்மா, மசிக்கவா, வடை தட்டவா?”

முப்பது வருஷம் மனையியல் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒரு கேள்விக்குள் என் பாடம் பாதி இருக்கிறது. மசிக்க வேண்டுமென்றால் அவர் இளம் முளைக்கீரையை எடுத்துக் கொடுப்பார். தண்ணீர்ச் சத்து நிறைந்தது, சட்டென்று குழையும். வடைக்கென்றால் அரைக்கீரையோ சிறுகீரையோ. இல்லாவிட்டால் முருங்கைக்கீரையைக் காட்டுவார். இலையில் ஈரம் குறைவு, மாவை இளக்காது. ஒவ்வொரு இலைக்கும் ஒரு சுபாவம் உண்டு என்பதைத் தெருவில் கீரை விற்கிறவர் தெரிந்து வைத்திருக்கிறார். வாங்குகிற நாம்தான், ‘எல்லாம் கீரை, எல்லாம் சத்து’ என்று ஒரே பையில் போட்டுக்கொண்டு வருகிறோம்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, இலைகளில் செய்யும் எண்ணெய்ப் பலகாரங்களும் அவற்றின் சத்தும். இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘எண்ணெயில் போட்டால் எல்லாம் விஷம்’ என்பது ஒன்று. ‘கீரைதானே, எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பது இன்னொன்று. அடையாறில் காலை நடை முடித்து வருகிறவர்கள் முதல் கட்சி. அதே ஆட்கள் சாயங்காலம் மாம்பலம் பக்கம் கடைக்கு வந்தால் இரண்டாம் கட்சிக்கு மாறிவிடுகிறார்கள். இரண்டு கட்சியும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வடையில் கீரை எவ்வளவு?

சில நாள் முன்பு ஒரு சிற்றுண்டிக் கடையில் கீரை வடை வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். இரண்டாகப் பிட்டுப் பார்த்தேன். பொன்னிறமான பருப்பு, வெங்காயம், ஒரு மிளகாய்த் துண்டு. கீரை? இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பச்சைப் புள்ளிகளாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 200 கிராம் கடலைப் பருப்புக்கு வழக்கமாக ஒரு கைப்பிடி, தாராளமான கையானால் 40 கிராம் கீரை போடுவோம். இருபது வடை வரும். ஆக, வடைக்கு 2 கிராம். வளர்ந்தவர்கள் நாளைக்கு 100 கிராம் அளவுக்குக் கீரை சாப்பிடுவது நல்லது என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். அந்த 100 கிராமை இந்த வடையிலேயே பெற வேண்டுமென்றால் ஐம்பது வடை சாப்பிட வேண்டும். பிறகு கீரையைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்கமாட்டார்.

நம் இலைப் பலகாரங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும்.

முதல் வகையில் இலை மாவுக்குள் இருக்கும். கடலைப் பருப்பைக் கொரகொரப்பாக அரைத்துத் தட்டும் கீரை வடை, உளுந்தில் செய்யும் கீரை மெதுவடை, கீரை பக்கோடா எல்லாம் இந்த வகை. இங்கே இலையின் அளவு முழுக்கச் சமைப்பவர் கையில் இருக்கிறது.

இரண்டாம் வகையில் இலைக்கு மாவு சட்டை போடும். ஓமவல்லி பஜ்ஜி, வெற்றிலை பஜ்ஜி. மந்தைவெளி, அடையாறு அடுக்கு வீடுகளின் பால்கனியில் துளசிக்குப் பக்கத்தில் ஒரு ஓமவல்லித் தொட்டி அனேகமாக இருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்தால் சாறு. மழை பெய்தால் பஜ்ஜி. கிள்ளினால் ஓம வாசனை வருவதற்குக் காரணம் அதிலுள்ள கார்வக்ரால், தைமால் என்ற வாசனைப் பொருள்கள். ஆனால் ஒரு இலை இரண்டு மூன்று கிராம்தான். அதைச் சுற்றிய கடலை மாவு அதைப் போலப் பல மடங்கு. இத்தாலியில் சேஜ் இலையை இப்படி மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ஜப்பானில் ஷிஸோ இலையை டெம்புராவாகப் போடுகிறார்கள். ஒசாகாவுக்கு அருகிலுள்ள மினோ என்ற ஊரில் மேப்பிள் இலையை உப்பில் ஊறப்போட்டு, இனிப்பு மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள். எல்லாமே மணத்துக்கும் அழகுக்கும் ஆசைக்கும் சாப்பிடுகிற பண்டங்கள். ஓமவல்லி பஜ்ஜியையும் அந்தக் கணக்கில் சாப்பிடுவோம். மருந்து என்று சொல்லி ஆறு பஜ்ஜி சாப்பிட வேண்டாம்.

மூன்றாம் வகையில் இலையே உடம்பு. மதுரைக்காரர்கள் இருந்தால் இப்போது முகம் மலரும். முள்முருங்கை வடை! கல்யாண முருங்கை என்றும் சொல்வோம். அரிசியை ஊறவைத்து, நரம்பு நீக்கிய இலையோடு மிளகு சீரகம் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, மெல்லியதாகத் தட்டி எண்ணெயில் போட்டால் பூரி மாதிரி உப்பி வரும். மேலே இட்லிப் பொடி தூவிக் கொடுப்பார்கள். மாவே பச்சையாக இருக்கும். உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துப் பத்ரொடெயும் இந்த இனம். சேம்பு இலையில் புளி சேர்த்த மாவைத் தடவி, இலைமேல் இலை அடுக்கிச் சுருட்டி, முதலில் ஆவியில் வேகவைத்து, வில்லையாக நறுக்கிப் பிறகு பொரிப்பார்கள். சேம்பு இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, நாக்கு அரிக்கும். புளியும் நன்றாக வேகவைப்பதும் அந்த அரிப்பை அடக்குகின்றன.

ஆகவே சத்து வேண்டுமென்றால் மூன்றாம் வகைக்குப் போக வேண்டும், அல்லது முதல் வகையை மூன்றாம் வகைக்கு அருகே இழுத்து வர வேண்டும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தக் கணக்கு நம் மலையில்தான் தொடங்கியது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளை அட்டவணையாக வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அட்டவணையை விரித்து எழுதியவர்களில் முதன்மையானவர், சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன். 2017-இல் அந்த நிறுவனம் 528 உணவுகளைப் புதிதாக ஆராய்ந்து அட்டவணை வெளியிட்டது.

அதன்படி 100 கிராம் அகத்திக்கீரையில் 900 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரை இனத்திலும் 300-க்கு மேல். பாலக்கீரையில் 80 சொச்சம்தான். அதிலும் ஆக்சலேட் சேர்ந்துகொண்டு பெரும்பகுதியை உடம்புக்குக் கொடுக்காது. கடையில் பளபளவென்று கண்ணைப் பறிப்பது பாலக். கொல்லையில் கேட்பாரற்று நிற்பது முருங்கை. எது கெட்டிக்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய அட்டவணைகளில் 100 கிராம் பாலக்கீரைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு எழுதியிருந்தது. அளக்கும் முறை திருந்தியபின், 2017-இல் அது 3 மில்லிகிராமுக்குள் வந்துவிட்டது. முருங்கை, தண்டுக்கீரை இரண்டும் நாலரை மில்லிகிராம் பக்கம். பெண்களுக்கு நாள் தேவை 29 மில்லிகிராம் என்று 2020 பரிந்துரை சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்த அறையில் இருக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல். அவ்வளவு பெரிய பள்ளத்தை வடை தூர்க்காது. ஆனால் தட்டில் வருகிற இரும்பை வீணாக்காமல் இருக்கலாம் அல்லவா?

சரி, கொதிக்கும் எண்ணெயில் சத்தெல்லாம் செத்துப்போகாதா என்று கேட்பீர்கள். எல்லாம் சாகாது. இரும்பும் கால்சியமும் தாதுக்கள், சூட்டுக்கு அழியாது. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டும் வீடுகளில் ஃபோலேட், பொட்டாசியம் எல்லாம் சாக்கடைக்குப் போகின்றன; வடையில் கொட்டத் தண்ணீரே இல்லை. வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், அதை மறந்துவிடுங்கள். உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் கொஞ்சம் குறையும். ஆனால் அது கொழுப்பில் கரைவது. எண்ணெய் கூட இருந்தால்தான் குடல் அதை ஏற்கும். வெறும் வேகவைத்த கீரையைவிட ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்த கீரை மேல் என்பது இதனால்தான். ஒரு கரண்டி போதும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போது இலுப்பச்சட்டிக்குப் போவோம். என் மாமியாருக்குச் சத்து அட்டவணை தெரியாது. வடை எண்ணெய் குடிக்கக் கூடாது என்ற ஒரே கவலைதான். அதற்காக நாலு சட்டம் வைத்திருந்தார். கீரையை ஆய்ந்து, கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போன பிறகுதான் நறுக்க வேண்டும். மாவில் உப்பைக் கடைசியில் போட வேண்டும். சோடா உப்பு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. எடுத்த வடையை ஜல்லிக்கரண்டியிலேயே எண்ணெய் வடியவிட்டுப் பிறகுதான் தட்டில் போட வேண்டும். ‘ஏம்மா?’ என்றால், ‘அப்படித்தான், போட்டுப் பார்’ என்பார்.

காரணங்களைப் பிறகு நான் படித்தேன். மாவு எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. அந்தச் சலசலப்புதான் நாம் கேட்பது. ஆவி வெளியே வரும்வரை எண்ணெய் உள்ளே போக முடியாது. வடைக்குள் ஈரம் இருக்கும்வரை உள்ளே சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். எண்ணெய் 170, 180 டிகிரியில் இருந்தாலும் உள்ளிருக்கும் இலை வேகிறதே ஒழியக் கருகுவதில்லை. எண்ணெய் பெருமளவு உள்ளே போவது வடையை வெளியே எடுத்த பிறகு. ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்குகிறது. ஆவி விட்டுப்போன துளைகள் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகின்றன. அதனால் எடுத்த முதல் சில நொடிகள்தான் முக்கியம். ஜல்லிக்கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்!

மற்றச் சட்டங்களும் இப்படித்தான். உப்பு இலையிலிருந்து தண்ணீரை இழுத்து மாவை இளக்கும். ஈரம் கூடக்கூட, ஆவி விட்டுப்போகும் துளைகளும் கூடும். சோடா உப்பும் துளைகளைப் பெருக்கும். எண்ணெய் காயாமல் போட்டால் ஆவி வேகமாக வராது, மேலோடு இறுகாது. ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிப் போட்டு, அது அடியில் தொட்டு உடனே மேலே வந்தால் பதம். நிறம் பொன்னாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். கரும்பழுப்பானால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும். மாமியார் ருசிக்காகச் செய்ததும் மருத்துவர் உடம்புக்காகச் சொல்வதும் ஒரே சட்டியில் வந்து சேர்கின்றன. எண்ணெய் குடித்த வடை ருசிக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது.

வீட்டில் சட்டி எண்ணெயை முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தேன். ஒழுங்காகச் சுட்டால் வடைக்கு 4 கிராம். சோம்பேறித்தனமாகச் சுட்டால் 6 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி உணவு உண்பவருக்கு நாள் முழுதுக்கும் 27 கிராம் எண்ணெய் என்று கணக்குச் சொல்கிறது. ஒழுங்காகச் சுட்ட மூன்று வடைக்கே 12 கிராம் போகிறது. அன்றைக்குக் குழம்பில், பொரியலில் கையைச் சுருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் என்றால் எனக்கு மனத்தடை இல்லை. தினம் என்றால் உண்டு. தினம் வேண்டுமானால் அதே மாவைத் தோசைக்கல்லில் அடையாகத் தட்டுங்கள், குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றுங்கள். எண்ணெய் மூன்றில் ஒன்றாகிவிடும்.

கடைக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் கூடுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. எண்ணெய் நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, புகைந்தாலோ அளவுகோல் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். வாங்கும் நமக்கும் ஒன்று. வடையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி எண்ணெய் பிழியும் பழக்கத்தை விடுங்கள். அச்சு மை உணவில் ஒட்டுகிறது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது.

இனி நான் சொல்லப்போவதில்தான் உங்களுக்கு என்மேல் கோபம் வரும். கீரை வடைக்குத் துணை எது? ஃபில்டர் காபி, டீக்கடையானால் டீ. மழை பெய்யும்போது டீயும் கீரை வடையும் இல்லாவிட்டால் சென்னையில் மழை பெய்ததாகவே அர்த்தமில்லை. ஆனால் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. உடம்பு ஏற்கும் அளவு பாதிக்குக் கீழேகூடப் போகலாம். காபியும் குறைக்கும், டீ அளவுக்கு இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறோம்.

எதிர்த் திசையில் வேலை செய்வது வைட்டமின் சி. வடையில் அது செத்துவிட்டது. ஆகவே பக்கத்தில் உயிரோடு வைக்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்த வெங்காயம், கொத்தமல்லிச் சட்னியில் கடைசியாகப் பிழிந்த எலுமிச்சை, நெல்லிக்காய்ப் பச்சடி. அது இரும்பை உடம்பு ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் துவாதசி நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி முழுப் பட்டினி. மறுநாள் விடிகாலைப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கட்டாயம். கால்சியத்திலும் இரும்பிலும் வலுத்த இலை ஒரு பக்கம், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள காய் ஒரு பக்கம். நம் முன்னோருக்கு வேதியியல் தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. இலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அது நல்ல ஜோடியாக அமைந்துவிட்டது. அந்த ஜோடியை நாம் வடைக்கும் எடுத்துக்கொள்ளலாம். காபி எங்கும் ஓடிப்போகாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

முதல் வகையை மூன்றாம் வகைக்கு இழுப்பது எப்படி என்று சொல்வதாகச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். 200 கிராம் கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் மட்டும் ஊறவையுங்கள். தண்ணீரை ஒட்ட வடித்து, மிளகாய், சோம்பு அல்லது பெருங்காயம் சேர்த்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். ஆய்ந்த முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ 200 கிராம். ஆமாம், பருப்புக்குச் சரிசமம். ஈரம் போக உலர்த்தி, நறுக்கி, இரண்டு கைப்பிடி அரிசி மாவைப் புரட்டி, பருப்போடு பிசையுங்கள். உப்பு கடைசியில், எண்ணெய் காய்ந்த பிறகு. மெல்லியதாகத் தட்டிப் போடுங்கள். தட்டும்போது கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும், ஓரம் பிரியும். பிரிந்த ஓரம்தான் மொறுமொறுப்பு. இருபது வடை வந்தால் ஒவ்வொன்றிலும் 10 கிராம் இலை. மூன்று சாப்பிட்டால் 30 கிராம். நாள் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முருங்கைக்கீரையானால் அரை டம்ளர் பாலுக்கு நெருங்கிய கால்சியமும் வந்துவிடும்.

கீரையைத் தட்டின் ஓரம் தள்ளும் குழந்தைகள் வடையில் இருந்தால் சாப்பிடுகிறார்கள் என்று தாய்மார்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே கீரையை ஒளித்து வைக்காதீர்கள். பச்சை தெரியட்டும், இலை பல்லில் படட்டும். வடையில் பழகிய நாக்குதான் நாளைக்குக் கூட்டுக்கும் மசியலுக்கும் வரும். இரண்டு கிராம் புள்ளி போட்ட வடையில் பழகிய நாக்கு, வடைக்கு மட்டும்தான் வரும்.

தெற்கு மாட வீதியில் விட்ட கதையை முடித்துவிடுகிறேன். “வடை தட்டத்தான்” என்றேன். அந்த அம்மா ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். “இன்னொரு கட்டும் கொடுங்க” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வடைக்கு எதுக்கும்மா ரெண்டு கட்டு? ஒண்ணே மிஞ்சுமே!”

இரண்டு கட்டும் இதோ இந்தப் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் போய் ஆய வேண்டும்.